ஆண்டிப்பட்டி: கூடலூர் எப்படி இந்தத் தொகுதிக்குள் வந்தது?

கணவாய்க்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாகத் தேனி மாவட்டத்தின் நான்கு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, சும்மா ஒரு கிறுக்குதான். பெரியகுளம், போடி, கம்பம் மூன்றும் சொன்னபடி கேட்டன. 198-ஆம் எண் ஆண்டிப்பட்டியில் வந்து மாட்டிக்கொண்டேன்.

ஆண்டிப்பட்டி தாலுகா முழுதும் உள்ளே வருகிறது. சரி. அப்புறம் உத்தமபாளையம் தாலுகாவில் இருந்து ஒரு துண்டு: கூடலூர் நகராட்சி, ஹைவேவிஸ் பேரூராட்சி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று சில ஊர்கள். தாளில் இரண்டும் ஒட்டித்தான் இருக்கின்றன. நடுவில் இருப்பது வருசநாட்டு மலையும் காடும். பச்சை மையை அடித்துவிட்டால் ஒரே தொகுதி. ஆனால் ஆண்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஏறி கூடலூர் போக வேண்டுமென்றால் க.விலக்கு, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பெரியகுளம் தொகுதியையும் கம்பம் தொகுதியையும் கடந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். சொந்தத் தொகுதிக்குள்ளேயே ஒரு மூலையில் இருந்து இன்னொரு மூலைக்குப் போவதற்குள் அடுத்தவர் தொகுதியில் இரண்டு டீ குடித்துவிடலாம்.

இது ஏன் இப்படி ஆனது? இந்த இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓட்டுப் போடுகின்றனவா? ஆண்டிப்பட்டி என்றாலே 'வி.ஐ.பி. தொகுதி', எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என்று முடித்துவிடுகிறார்கள். மண்ணைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்கணக்கன்:

முதல் கேள்விக்குப் பதில் எளிது. 2008 மறுசீரமைப்புக்கு முன்னால் தேனி மாவட்டத்தில் ஐந்து தொகுதிகள்: ஆண்டிப்பட்டி, பெரியகுளம், தேனி, போடிநாயக்கனூர், கம்பம். 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பிரித்தபோது தேனி என்ற தொகுதியே காணாமல் போய் நான்காகிவிட்டது. மாவட்டத் தலைநகரின் பெயரில் தொகுதி இல்லை. தேனி அல்லிநகரம் இப்போது பெரியகுளத்தில் இருக்கிறது.

ஐந்து பானைச் சோற்றை நான்கு பானையில் கொட்டினால் எங்காவது வழியத்தானே செய்யும்? ஆண்டிப்பட்டி தாலுகாவில் பரப்பு அதிகம், பாதி காடு, தலை எண்ணிக்கை போதாது. கம்பம் பள்ளத்தாக்கிலோ ஊரும் ஊரும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அங்கிருந்து கொஞ்சம் வெட்டி இங்கே ஒட்டினார்கள். எல்லை தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் விதி. இங்கே யானைதான் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அது வேறு விஷயம்.

லோயர்கேம்ப்காரன்:

கூடலூர்க்காரன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் ஊரில் பத்துப் பேரை நிறுத்தி 'உங்கள் எம்.எல்.ஏ. யார்?' என்று கேட்டுப் பாருங்கள். நாலைந்து பேராவது கம்பம் எம்.எல்.ஏ. பெயரைச் சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகை அடிப்பதும், மாடு வாங்குவதும், ஆஸ்பத்திரிக்குப் போவதும் கம்பத்தில். கம்பம் ஒன்பது கிலோமீட்டர். ஆண்டிப்பட்டிக்கு நான் போனதே மதுரை பஸ்ஸில் தூங்கிக்கொண்டு கடந்ததுதான்.

எங்கள் பேச்சே வேறு. முல்லைப்பெரியாறு அணையில் எத்தனை அடி, ஜூன் 1-ஆம் தேதி முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்களா, இரைச்சல் பாலத்தில் எவ்வளவு விழுகிறது, இதுதான் டீக்கடையில் ஓடும். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகத்துக்கும் தண்ணீர் வந்து இறங்கும் இடம் லோயர்கேம்ப். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினைக்காக ஊர் ஊராகக் கிளம்பிக் குமுளியை நோக்கி நடந்தோமே, அந்தக் கூட்டத்தில் ஆண்டிப்பட்டி வேட்பாளர் யார், கம்பம் வேட்பாளர் யார் என்று யார் பார்த்தார்கள்? அணை கட்டிய பென்னிகுக் படம் வீட்டுக்கு வீடு இருக்கும். 2013 ஜனவரியில் அவருக்கு மணிமண்டபம் திறந்ததும் எங்கள் லோயர்கேம்பில்தான்.

இன்னொரு வேடிக்கை. புவிசார் குறியீடு வாங்கியதே, கம்பம் பன்னீர் திராட்சை? சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி தோட்டங்கள் அதற்குப் பேர்போனவை. இரண்டும் ஆண்டிப்பட்டி தொகுதி!

கடமலை மைந்தன்:

லோயர்கேம்ப் அண்ணன் கொடுத்துவைத்தவர். ஜூன் 1 என்று தேதி போட்டுத் தண்ணீர் வருகிறது. எங்களுக்கு மழை வந்தால்தான் ஆறு.

நான் கடமலைக்குண்டு பக்கம். வைகை பிறப்பது எங்கள் தலைக்கு மேல், வெள்ளிமலையில். அரசரடி, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர், அம்மச்சியாபுரம் என்று எங்கள் ஊர்களின் முதுகைத் தடவிக்கொண்டுதான் போகிறது. இதை நாங்கள் 'மூல வைகை' என்போம். வருசத்தில் பல மாதம் வெறும் மணல். அந்த மணலையும் லாரியில் கொண்டுபோனார்கள். மேலே மழை கொட்டினால் இரண்டு நாள் செக்கச்செவேலென்று வந்து, 'நானும் ஆறுதான்' என்று காட்டிவிட்டுப் போய்விடும். பிறகு ஊற்றுத் தோண்டுகிற வேலைதான்.

அணை எங்கே இருக்கிறது? எங்கள் தொகுதியில். 1959 ஜனவரி 21 அன்று காமராசர் திறந்துவைத்த வைகை அணை ஆண்டிப்பட்டியில் இருந்து கூப்பிடு தூரம். 71 அடி நிறைந்தால் பேப்பரில் படம் வரும். மதுரைக்கு, சிவகங்கைக்கு, ராமநாதபுரத்துக்கு ஷட்டரைத் திறப்பார்கள், மந்திரிகள் பூத்தூவுவார்கள். ஆண்டிப்பட்டி கண்மாய்க்கு அந்தத் தண்ணீரில் பாசனப் பங்கு கிடையாது. நாங்கள் மேட்டில் இருக்கிறோம், அணை பள்ளத்தில். 58 கிராமக் கால்வாய்கூட அணையில் தொடங்கி உசிலம்பட்டிப் பக்கம்தான் போகிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய்க்குத் தண்ணீர் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வயலுக்கு வரவில்லை.

அதனால் எங்கள் பக்கம் மானாவாரிதான். இலவ மரம், முருங்கை, கொட்டைமுந்திரி, கிணறு இருந்தால் தென்னை. இலவம்பஞ்சு விலை நன்றாக இருக்கிற வருசம் கல்யாணம் நடக்கும், இல்லாத வருசம் திருப்பூருக்கு பஸ் ஏறுவார்கள். மேலே மலைக்கிராமங்களில் வேறு பாடு. மேகமலை சரணாலயம் என்றார்கள், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்றார்கள். தலைமுறையாக உழுகிறவனுக்கும் வனத்துறைக்கும் எப்போதும் இழுபறி. ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சியும் 'வெளியேற்ற விட மாட்டோம்' என்று எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் போகும்.

ஆக இது மூன்று நாடு அண்ணே. ஆண்டிப்பட்டிக் கரிசல், கடமலை–மயிலைப் பள்ளத்தாக்கு, கூடலூர் நஞ்சை.

மதுரைவாசி:

எல்லாம் சரி, ஆனால் இரண்டு முதலமைச்சர்களை அனுப்பிய தொகுதி என்ற பெருமை சும்மாவா? எம்.ஜி.ஆர். 1984, ஜெயலலிதா 2001, 2006. தமிழ்நாட்டில் எத்தனை தொகுதிக்கு இந்தப் பேர் இருக்கிறது?

எண்கணக்கன்:

மதுரைவாசி, ஒரு திருத்தம். 2001 பொதுத்தேர்தலில் ஜெயலலிதா ஆண்டிப்பட்டியில் ஜெயிக்கவில்லை, போட்டியே இடவில்லை. ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நான்கு இடத்தில் மனுப் போட்டு நான்கும் தள்ளுபடி. ஆண்டிப்பட்டியில் காரணம் டான்சி நில ஊழல் வழக்கின் தண்டனை. மாற்று வேட்பாளராக இருந்த தங்க தமிழ்ச்செல்வன் நின்று ஜெயித்தார். ஜெயலலிதா சட்டமன்ற உறுப்பினராக இல்லாமலே மே மாதம் முதலமைச்சர் ஆனார். செப்டம்பர் 21-ஆம் தேதி அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். பக்கத்துப் பெரியகுளத்தின் ஓ. பன்னீர்செல்வம் நாற்காலிக்கு வந்தது அப்போதுதான். டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது, தங்க தமிழ்ச்செல்வன் ராஜினாமா செய்தார், 2002 பிப்ரவரி 21 அன்று இடைத்தேர்தல். ஜெயலலிதா 78,437, தி.மு.க.வின் வைகை சேகர் 37,236. வித்தியாசம் 41,201.

கையில் உள்ள மற்ற எண்களையும் போட்டுவிடுகிறேன். 1977-க்கு முந்தையதை விட்டுவிடுகிறேன். அப்போதைய எல்லையும் வேறு, கட்சிகளும் வேறு.

1977-இல் அ.தி.மு.க.வின் கந்தசாமி. 1980-இல் அதே கட்சியில் இலட்சிய நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரன், 1962-இலேயே தேனியில் தி.மு.க. சார்பில் ஜெயித்தவர் அவர். 1984-இல் எம்.ஜி.ஆர். 60,510, தி.மு.க.வின் வல்லரசு 28,026. 1989-இல் தி.மு.க.வின் ஆசையன். 1991-இல் அ.தி.மு.க.வின் தவசி. 1996-இல் மறுபடி ஆசையன். 2001, 2002 மேலே சொன்னேன். 2006-இல் ஜெயலலிதா 73,927, தி.மு.க.வின் சீமான் 48,741 (இவர் வேறு சீமான், குழம்ப வேண்டாம்). ஆட்சி போனாலும் தொகுதி போகவில்லை. 2011-இலும் 2016-இலும் தங்க தமிழ்ச்செல்வன், தி.மு.க.வின் மூக்கையாவை முறையே 21,031, 30,196 ஓட்டில் தோற்கடித்தார். 2019 இடைத்தேர்தலிலும் 2021-இலும் தி.மு.க.வின் மகாராஜன்.

ஓய்வு வாத்தியார்:

தம்பி 1984-ஐ ஒரு வரியில் தாண்டிவிட்டார். நான் தாண்ட மாட்டேன், மன்னிக்கவும்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். அக்டோபரில் எம்.ஜி.ஆர். அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார், பிறகு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். புரூக்ளின் என்ற ஊர்ப் பெயரைக் கண்டமனூர்க் கிழவிகள்கூடச் சொல்லப் பழகியது அந்த வருடம்தான். இந்திரா காந்தி கொலை, அதன் பிறகு தேர்தல் அறிவிப்பு. வேட்பாளர் ஆஸ்பத்திரிக் கட்டிலில். கையெழுத்திட்ட வேட்புமனு கடல் தாண்டி வந்தது. தொகுதிப் பக்கம் அவர் ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஆர்.எம். வீரப்பன் முயற்சியில் ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோதான் பிரசாரம். கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், பேப்பர் பார்க்கிறார், அவ்வளவுதான் படம். எங்கள் ஊரில் வேன் வந்து மந்தையில் திரை கட்டிக் காட்டியபோது முன்வரிசையில் இருந்த பெண்கள் கும்பிட்டபடியே பார்த்தார்கள். 'உசுரோட இருக்காரு' என்று ஒருத்தி சொன்னது கேட்டது. அந்தத் தேர்தலில் அதுதான் வாக்குறுதி, அதுதான் தேர்தல் அறிக்கை.

டிசம்பர் 24 அன்று ஓட்டுப்பதிவு. சரியாக மூன்று வருடம் கழித்து அதே டிசம்பர் 24-இல் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஏன் ஆண்டிப்பட்டியைப் பிடித்தார் என்று கேட்டால் என் கணக்கு இது. 1977-இல் அருப்புக்கோட்டை, 1980-இல் மதுரை மேற்கு, 1984-இல் ஆண்டிப்பட்டி. வேட்பாளர் ஊருக்கே வராமல் ஜெயிக்கிற இடம் வேண்டுமென்றால் கட்சிக்காரன் எங்கே கை வைப்பான்? சின்னத்தைப் பார்த்துக் குத்துகிற ஊரில்தான். அதற்கு நாங்கள் பேர்போனவர்கள். இதில் பெருமையும் இருக்கிறது, கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது.

மதுரைவாசி:

வாத்தியார் ஐயா, அருமை. 2001 திருத்தத்துக்கு எண்கணக்கனுக்கும் நன்றி. அப்படியானால் 1989-இல் ஏன் சின்னம் எடுபடவில்லை? ஜானகி அம்மாள் இரண்டாவது வந்தார் என்று ஞாபகம்.

எண்கணக்கன்:

மூன்றாவது. 1989-இல் இரட்டை இலையே களத்தில் இல்லை, முடக்கிவிட்டார்கள். ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. எம்.ஜி.ஆரின் மனைவி, 24 நாள் முதலமைச்சராக இருந்தவர், கணவர் ஜெயித்த தொகுதியிலேயே நின்று, தி.மு.க.வுக்கும் ஜெயலலிதா அணிக்கும் பின்னால் மூன்றாவதாக வந்தார். அதே தேர்தலில் பக்கத்துப் போடியில் ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். கட்சியின் வாரிசு யார் என்ற கேள்விக்குத் தேனிப் பக்கத்து இரண்டு தொகுதிகள் ஒரே நாளில் பதில் எழுதிவிட்டன என்று சொல்லலாம். இரண்டு அணி ஓட்டையும் கூட்டினால் ஆசையனைவிட அதிகம்.

இதில் ஒரு சூத்திரம் இருக்கிறது, கவனித்தீர்களா? 1977-இல் இருந்து 2021 வரை இலை பிரியாத தேர்தலில் ஆண்டிப்பட்டி அ.தி.மு.க.வை விட்டது ஒரே ஒரு தடவை, 1996. மாநிலமே கவிழ்ந்த வருடம் அது, ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். 1989-இல் இரண்டு அணி. 2019-இல் அ.தி.மு.க.வில் இருந்து பிரிந்த அ.ம.மு.க. தனியாக நின்று 28 ஆயிரத்துக்கு மேல் வாங்கியது; மகாராஜன் ஜெயித்த வித்தியாசமோ 12,323. 2021-இலும் அ.ம.மு.க. தனிதான். இலை கிழிந்தால்தான் இங்கே சூரியன் உதிக்கும்.

சக்கம்பட்டித் தறி:

இந்தச் சூத்திரத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கூட்டல் கழித்தல் போட்டால் எல்லாம் சரியாக வரும், மனுசன்தான் வர மாட்டான். அ.ம.மு.க.வுக்குப் போட்டவன் எல்லாம் அது இல்லாவிட்டால் இலைக்குத்தான் போட்டிருப்பான் என்று யார் சொன்னது? அதில் எத்தனை பேர் ஆட்சியில் இருந்தவர்கள் மேல் கோபத்தில் போட்டவர்கள் என்று மெஷின் சொல்லுமா?

2019-ஐக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். 2017 செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்களைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். எங்கள் மாவட்டத்தில் மட்டும் இரண்டு பேர், ஆண்டிப்பட்டியும் பெரியகுளமும். வழக்கு நடந்து, 2018-இல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லி, மூன்றாவது நீதிபதி அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்று முடிக்கும்வரை எங்களுக்கு எம்.எல்.ஏ. இருந்தாரா இல்லையா என்றே தெரியாது. ரேஷன் கார்டு விஷயமாக ஒரு கையெழுத்துக்கு நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். 2019 ஏப்ரல் 18-இல் ஒரே சாவடியில் இரண்டு மெஷின். ஒன்று தேனி எம்.பி.க்கு, இன்னொன்று எம்.எல்.ஏ.வுக்கு.

என்ன நடந்தது? எம்.பி. தொகுதியில் இரட்டை இலை ஜெயித்தது. அந்தக் கூட்டணிக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே இடம் அதுதான். அதே நாள் ஆண்டிப்பட்டியும் பெரியகுளமும் உதயசூரியனுக்குப் போயின. ஒரே கியூ, ஒரே மை வைத்த விரல். அ.ம.மு.க. இரண்டு மெஷினிலும்தான் இருந்தது, எம்.பி.க்கு நின்றதே தங்க தமிழ்ச்செல்வன்தான். பிரிந்த இலைதான் காரணம் என்றால் எம்.பி. மெஷினிலும் அது வேலை செய்திருக்க வேண்டுமே?

என்னைக் கேட்டால், எம்.பி. மெஷினில் கைச் சின்னத்தில் நின்றவர் ஈரோட்டுக்காரர். எம்.எல்.ஏ. மெஷினில் இருந்த இரண்டு பேரும் எங்கள் தெருவில் நடப்பவர்கள். சின்னத்துக்குப் போடுகிற ஊர் என்று வாத்தியார் ஐயா சொன்னது அவர் காலத்துக்குச் சரி. 2019-இல் எங்கள் தறிக்கூடத்திலேயே ஆள் பார்த்துப் போட்டவர்கள் பாதிக்கு மேல்.

எண்கணக்கன்:

எம்.பி. தொகுதியில் சோழவந்தான், உசிலம்பட்டி உட்பட ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்திருக்கின்றன. அதன் மொத்த முடிவை வைத்து ஆண்டிப்பட்டி வாக்காளர் மாற்றிப் போட்டார் என்று நேராகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மெஷின் வாதத்தில் சத்து இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 'சூத்திரம்' என்பதை 'பழக்கம்' என்று மாற்றிக்கொள்கிறேன்.

கடமலை மைந்தன்:

அண்ணன் தம்பி கதையை யாருமே சொல்லவில்லையே! 2019-இல் தி.மு.க. வேட்பாளர் மகாராஜன் அண்ணன், அ.தி.மு.க. வேட்பாளர் லோகிராஜன் தம்பி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 87,079-க்கு 74,756. 2021-இல் அதே இரண்டு பேர் திரும்ப நின்று அண்ணன் 93,541, தம்பி 85,003. வித்தியாசம் 8,538. அந்த வீட்டில் பொங்கலுக்கு என்ன பேசிக்கொள்வார்கள் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது.

2019-இல் ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆண்டிப்பட்டியில் அ.ம.மு.க. அலுவலகத்தில் சோதனை, வானத்தைப் பார்த்துத் துப்பாக்கிச்சூடு, 1.48 கோடி ரூபாய் பறிமுதல். அப்போது வட இந்தியச் சேனல்கூட 'ஆண்டிப்பட்டி' என்று பல்லைக் கடித்து உச்சரித்தது. வி.ஐ.பி. தொகுதிதான், போங்கள்.

வழிப்போக்கன்77:

கொஞ்சம் தள்ளிப்போகிற கேள்வி. மதுரை–போடி ரயில் இப்போது ஆண்டிப்பட்டியில் நிற்கிறதா? மீட்டர்கேஜில் கணவாய்க்குள் நுழைந்து வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்த ஞாபகம்.

சக்கம்பட்டித் தறி:

நிற்கிறது. 2010 கடைசி நாளோடு நின்ற வண்டி, அகலப் பாதையாகி 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் வந்தது. பதினோரு வருசம் கணவாயில் பாறை உடைத்தார்கள். எங்களுக்குச் சேலை மூட்டை அனுப்ப இன்னமும் பஸ்ஸும் லாரியும்தான் வசதி.

நெறியாளர்:

சாதிவாரி ஓட்டுக் கணக்குப் போட்டிருந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சாதி இங்கே ஓட்டைத் தீர்மானிக்கிறது என்று எழுதலாம், அது உண்மை. ஊர் பேரும் தலை எண்ணிக்கையும் போட்டு 'இவர்கள் இவ்வளவு' என்று ஆதாரம் இல்லாமல் எழுத வேண்டாம். இழை நன்றாகப் போகிறது, கெடுக்காதீர்கள்.

மதுரைவாசி:

சரி, நேராகக் கேட்கிறேன். இரண்டு முதலமைச்சர்கள் வந்ததால் ஆண்டிப்பட்டிக்கு என்னதான் கிடைத்தது?

ஓய்வு வாத்தியார்:

எம்.ஜி.ஆர். வந்தது வெற்றிக்கு நன்றி சொல்ல. அதற்குமேல் அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஜெயலலிதா காலத்தில் க.விலக்கில் மருத்துவக் கல்லூரி வந்தது, 2004-இல். அதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். முன்பெல்லாம் பாம்பு கடித்தால் கணவாய் தாண்டி மதுரை பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். வருசநாட்டுக்காரன் வழியிலேயே செத்துப்போவான். இன்று அவனுக்கு க.விலக்கு இருக்கிறது. சாலைகளும் வந்தன.

கடமலை மைந்தன்:

ஆஸ்பத்திரியை நானும் ஒத்துக்கொள்கிறேன் ஐயா, என் மகள் பிறந்ததே அங்கேதான். ஆனால் கண்மாய்க்குத் தண்ணீர்? அதுதான் எங்கள் அப்பா காலத்துக் கோரிக்கை. எம்.ஜி.ஆர். வந்தார், அம்மா வந்தார், பிறகு சூரியனும் வந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் அதே கோரிக்கைக்கு அதே தலையாட்டல்.

லோயர்கேம்ப்காரன்:

தம்பி, எங்கள் பக்கம் விவசாயிகளும் இதில் பயப்படுவார்கள், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரை ஆண்டிப்பட்டிப் பக்கம் திருப்பினால் எங்கள் இரண்டாம் போகம் என்னாகும் என்ற பேச்சு எழும். மதுரை உட்பட ஐந்து மாவட்ட விவசாயிகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். இப்போது நீங்களும் நாங்களும் ஒரே எம்.எல்.ஏ. அவர் எந்தப் பக்கம் நிற்பார்? அதனால்தான் யார் வந்தாலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். தங்க தமிழ்ச்செல்வன் இலையில் இருந்து அ.ம.மு.க. போய், 2019-இல் தி.மு.க. வந்து, 2024-இல் உதயசூரியனிலேயே 2 லட்சத்து 78 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் தேனி எம்.பி. ஆகிவிட்டார். ஆள் மூன்று கொடி பார்த்துவிட்டார், தண்ணீர்ப் பஞ்சாயத்து அதே இடத்தில்.

கணவாய்க்காற்று:

மூன்று நாள் கழித்து வருகிறேன், எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். நன்றி.

லோயர்கேம்ப் அண்ணனும் கடமலை மைந்தனும் பேசியதைப் பார்த்துவிட்டு வரைபடத்தில் சாலைகளை அழித்துவிட்டு ஆறுகளை மட்டும் போட்டுப் பார்த்தேன். தேக்கடியில் இருந்து குகை வழியாக வருகிற தண்ணீர் லோயர்கேம்பில் இறங்குகிறது. அது ஆண்டிப்பட்டி தொகுதி. அப்புறம் கூடலூரைத் தாண்டியதும் தொகுதியை விட்டு வெளியே போய்விடுகிறது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கமாக ஓடி, தேனிக்கு அருகே மூல வைகையோடு சேர்ந்து, திரும்ப ஆண்டிப்பட்டி தொகுதிக்குள் வந்து அணையில் விழுகிறது. நான் முதல் பதிவில் கிண்டல் செய்தேனே பஸ் சுற்றிப் போகிறது என்று, தண்ணீரும் அதே வழியைத்தான் சுற்றிக்கொண்டு வருகிறது!

எல்லை போட்டவர்கள் இதை நினைத்துப் போட்டிருக்க மாட்டார்கள், தலைகளைத்தான் எண்ணியிருப்பார்கள். ஆனால் தண்ணீர் இறங்கும் இடமும், வைகை பிறக்கும் இடமும், இரண்டும் சேர்ந்து தேங்கும் இடமும் ஒரே தொகுதிக்குள் வந்துவிட்டன. நடுவில் காய்கிற கண்மாய்களும் அதே தொகுதி. படத்தை இன்று இரவு ஏற்றுகிறேன். ஆறுகள் நீலம், கண்மாய்கள் வெறும் கோடு. ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.

லோயர்கேம்ப்காரன்:

சுருளியாற்றை விட்டுவிடாதே தம்பி. ஹைவேவிஸ் அணைத் தண்ணீர் சுருளியாறு மின்நிலையம் வழியாகத்தான் கீழே வருகிறது. அப்புறம் ஹைவேவிஸுக்கு ரோடு சின்னமனூரில் இருந்து, கூடலூரில் இருந்து இல்லை. அதாவது எங்கள் துண்டுக்குள்ளேயே போக நாங்கள் கம்பம் தொகுதி வழியாகத்தான் சுற்ற வேண்டும்.

கணவாய்க்காற்று:

அட, அதையும் அழித்துத் திரும்பப் போடணுமா! நாளை இரவு ஏற்றுகிறேன்.